வீரபாண்டிக்கு மேலே ஒரு வான்பாதை: தெரியுமா?

விமான நிலையமே இல்லாத மாவட்டம் தேனி. ஆனால் மதுரை விமான நிலையத்தையும் கொச்சி விமான நிலையத்தையும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு இணைத்தால், அந்தக் கோடு எங்கே போகிறது தெரியுமா? ஆண்டிபட்டி மலையைத் தாண்டி, தேனிக்குச் சற்றுத் தெற்கே, வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் பக்கமாக முல்லையாற்றைக் கடந்து, போடியை ஒட்டி மலையேறுகிறது! மொத்த தூரம் சுமார் 189 கி.மீ.தான்.

மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் போகும் ஜெட் விமானத்துக்கு இது எத்தனை நேரம்? கணக்குப் போட்டால் 14 நிமிடம்கூட முழுதாக ஆகாது! தேனியிலிருந்து போடிக்குப் போகும் தூரத்தை அது ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் விழுங்கிவிடும். நிஜத்தில் அப்படி நடக்காது. ஓடுபாதையில் ஊர்ந்து, மேலேறி, முழு வேகம் பிடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். குறுகிய தூரப் பயணங்களில் முழு வேகத்தில் பறப்பதைவிட ஏறி இறங்கவே அதிக நேரம் போகிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு நடுவே 2.7 கி.மீ.க்கு விமானம் ஓடுகிறது. காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் தரையிறங்கிவிடும்!

இன்னொரு விசித்திரம். தேனிக்காரர் கொச்சிக்குப் பறக்க நினைத்து மதுரைக்குப் போனால், முதலில் 70 கி.மீ.க்கு மேல் எதிர்த்திசையில் போகிறார். பிறகு விமானம் நேராகப் பறந்தால், அவர் கிளம்பிய ஊர்ப் பக்கமாகவே திரும்பி வருவார்!

தரைவழி? கொச்சி – தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 இதே திசையில்தான் போகிறது. ஆனால் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளும் மூணாறு மலைச்சாலையும் சேர்ந்து 189ஐ 250க்கு மேல் நீட்டிவிடுகின்றன. வழியில் பருவம்கூட மாறும்: தென்மேற்குப் பருவமழை மூணாறை நனைத்துக் கொட்டும் நாளில், மலைக்கு இந்தப் பக்கம் போடியில் வெயில் அடிக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய ஆச்சரியம், இந்த மலையைச் சரக்கு அந்தரத்தில் கடந்த கதைதான்! நூறு வருஷத்துக்கு முன்பு மூணாறு தேயிலையைக் குண்டளை பள்ளத்தாக்கு வழியே குட்டி ரயில் டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும். அங்கே தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் மாட்டி விடுவார்கள். மேகத்துக்குள் புகுந்து, காட்டுக்கு மேலே தொங்கியபடி, சுமார் 5 கி.மீ. அந்தரத்தில் இறங்கி, மலைக்குக் கீழே உள்ள கொட்டகுடிக்கு வந்து சேரும் பெட்டிகள்! அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, அப்புறம் கப்பலேறி இங்கிலாந்து. 1924ஆம் ஆண்டு பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது.

போடிக்கு ரயில் வந்தது 1928இல். அகலப்பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில்தான் மறுபடி போடியைத் தொட்டது! மதுரையிலிருந்து 90 கி.மீ. ஓடிவந்து, மலையடிவாரத்தில் தண்டவாளம் முடிகிறது. அங்கிருந்து கொச்சி விமான நிலையம் வான்வழியில் இன்னும் எவ்வளவு தெரியுமா? சுமார் 105 கி.மீ.தான்!