ஆள் நல்லவர், கட்சி மேல் நம்பிக்கை இல்லை: ஓட்டு யாருக்கு?

தேர்தல் வந்துவிட்டால் நம் கடைவாசலில் இது நடக்கும். வேட்பாளர் கைகூப்பியபடி வருவார். அவரை நமக்குப் பல வருடமாகத் தெரியும். கடனுக்குச் சரக்கு எடுத்தால் சொன்ன தேதியில் பணம் கொடுப்பவர். தெருவில் தண்ணீர் வராவிட்டால் நகராட்சிக்கு நடையாய் நடந்தவர். யாரிடமும் கைநீட்டாதவர். ஆனால் தோளில் கிடக்கும் துண்டின் கரைதான் நமக்குச் சங்கடம். அந்தக் கட்சி போன தடவை சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. இப்போது ஓட்டை ஆளுக்குப் போடுவதா, கட்சிக்குப் போடுவதா? போடியில் மளிகைக் கடைக்காரர் முதல் ஏலக்காய் வியாபாரி வரை எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது.

வியாபாரத்தில் இதே கேள்விக்கு நாம் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு கம்பெனியின் சேல்ஸ்மேன் தங்கமான பையன். கம்பெனியோ எடை குறைந்த பாக்கெட்டும், தேதி முடியப் போகிற சரக்கும் அனுப்புகிறது. பையன் முகத்துக்காக இரண்டு மூன்று தடவை ஆர்டர் கொடுப்போம். அதற்குப் பிறகு ஒன்றைத்தான் பார்ப்போம்: கெட்ட சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள அந்தப் பையனுக்கு அதிகாரம் உண்டா, இல்லையா? வேட்பாளர் விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். அவர் நல்லவரா என்பது நமக்கே தெரியும். ஜெயித்த பிறகு அவர் கையில் என்ன இருக்கும் என்பதுதான் பலருக்குத் தெரியவில்லை.

1985ல் அரசியல் சட்டத்தில் 52வது திருத்தம் வந்தது. அதன் மூலம் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையைத்தான் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்கிறோம். அதன்படி ஒரு கட்சிச் சின்னத்தில் ஜெயித்த எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ, சபையில் கட்சியின் கொறடா உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டாலும், ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலும் பதவி போய்விடும். முன் அனுமதி வாங்கியிருந்தாலோ, 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்தாலோ தப்பலாம். கட்சியைத் தானாக விட்டுவிட்டார் என்று முடிவானாலும் பதவி இல்லை. விலைக்கு வாங்கப்படும் எம்.எல்.ஏ.க்களைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம் வந்தது. வந்த காரணம் நியாயமானதே. ஆனால் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போட நினைக்கும் நல்ல மனிதரின் கையையும் அதே கயிறு கட்டிவிடுகிறது.

நம் தொழிலையே தொட்ட ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். 2012 செப்டம்பரில் மத்திய அரசு சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அன்னிய முதலீட்டை அனுமதித்தது. செப்டம்பர் 20ந் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு. தி.மு.க.வும் அந்தப் போராட்டத்தை ஆதரித்தது. டிசம்பர் 5ந் தேதி லோக்சபாவில் அந்த முடிவை எதிர்க்கும் தீர்மானம் ஓட்டெடுப்புக்கு வந்தபோது, அதே தி.மு.க. அரசின் பக்கம் ஓட்டளித்தது. பா.ஜ.க.வுக்கு ஆதாயம் போய்விடக் கூடாது என்பது அக்கட்சி சொன்ன காரணம். அன்னிய முதலீட்டைக் கண்டித்துப் பேசிய சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்புச் செய்தன. தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253, தோற்றது. அன்றைக்குத் தேனித் தொகுதி காங்கிரஸ் வசம் இருந்தது. அரசின் பக்கம் ஓட்டளித்தவர்களில் சிறு கடைக்காரர்கள் மேல் உண்மையான அனுதாபம் உள்ளவர்களும் இருந்திருக்கலாம். இருந்திருந்தாலும் கணக்கில் அது ஏறவில்லை. பந்த் அன்று நம்மோடு நின்றவர் யார் என்பது ஒரு கணக்கு, சபையில் கை தூக்கியவர் யார் என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதி நாம் ஏமாந்தோம்.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 2017ல் நம் மாவட்டத்தில் நடந்ததையும் பார்க்கலாம். அ.தி.மு.க. பிளவுபட்டபோது பிப்ரவரி 18ந் தேதி சட்டசபையில் நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேரில் போடி எம்.எல்.ஏ.வான ஓ. பன்னீர்செல்வமும் ஒருவர். அவர்கள் பதவி போகவில்லை. பிறகு ஆகஸ்டு 22ந் தேதி, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை செப்டம்பர் 18ந் தேதி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஆண்டிபட்டி எம்.எல்.ஏ.வும் பெரியகுளம் எம்.எல்.ஏ.வும் அதில் அடக்கம். ஹைகோர்ட்டில் 2018 ஜூனில் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதி நீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18ல்தான். நான்கே சட்டசபைத் தொகுதிகள் உள்ள தேனி மாவட்டத்தில் இரண்டு தொகுதிகளுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் எம்.எல்.ஏ. கிடையாது.

யார் பக்கம் நியாயம் என்பது நம் பேச்சல்ல. சபையில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பதவியில் இருந்தார்கள், கடிதம் கொடுத்தவர்கள் பதவி இழந்தார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொள்வோம். தீர்ப்புச் சொல்லும் சபாநாயகரும் ஒரு கட்சியிலிருந்து வந்தவர்தான். ஓட்டுப் போட்டவனிடம் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொகுதி மேம்பாட்டு நிதிக்குப் பரிந்துரை எழுத ஆள் இல்லாமல், ஒரு சாலைக்காகவும் ஒரு குடிநீர்த் தொட்டிக்காகவும் ஜனங்கள் அதிகாரிகளின் வாசலில் நின்றதுதான் மிச்சம்.

அப்படியானால் ஆளின் குணத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் தேட நாம் போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். நம்மில் பலருக்குக் கடை இங்கே, தோட்டம் அங்கே. ஓட்டுத் தேனித் தொகுதியில். ஏலச் செடி நிற்பது இடுக்கித் தொகுதியில். ஆகவே அங்கே நடந்ததை வேற்றூர்க் கதையாக நாம் நினைக்க முடியாது.

2009ல் இடுக்கியில் காங்கிரஸ் சார்பில் பி.டி. தாமஸ் 74,796 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது குறித்து மாதவ் காட்கில் குழு 2011ல் அறிக்கை கொடுத்தது. அது மிகக் கடுமையானது என்று எதிர்ப்பு எழவே, கஸ்தூரிரங்கன் குழு அமைக்கப்பட்டு 2013 ஏப்ரலில் இன்னொரு அறிக்கை வந்தது. அதில் கேரளத்தில் மட்டும் 123 கிராமங்கள் சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதி. குவாரி, மணல், அனல் மின் நிலையம், மிகுந்த மாசு தரும் தொழிற்சாலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் ஆகியவற்றுக்குத்தான் தடை. ஏலத் தோட்டத்துக்குத் தடை சொல்லவில்லை. ஆனாலும் பட்டா கிடைக்காமல் போகும், நாளைக்கு ஸ்டோர் கட்டவும் ரோடு போடவும் விடமாட்டார்கள் என்ற பயம் மலை முழுவதும் பரவியது. நம் ஆட்களுக்கும் அந்தப் பயம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. 2013 நவம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டதும் இடுக்கியில் ஹர்த்தால் மேல் ஹர்த்தால்.

பி.டி. தாமஸ் அப்போதும் காட்கில் அறிக்கை சரி என்றே பேசினார். தொகுதியே எதிர்த்தது, சர்ச் தலைமை எதிர்த்தது, அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம்கூட நடத்தினார்கள். அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. 2014 தேர்தலில் அவர் கட்சி அவருக்கு டிக்கெட் தரவில்லை. வேறொருவரை நிறுத்தியது. மலைநாட்டுப் பாதுகாப்புச் சமிதியின் சார்பில் ஜோய்ஸ் ஜார்ஜ் என்ற வக்கீல் சுயேச்சையாக நின்றார். இடதுசாரி முன்னணி அவரை ஆதரித்தது. 50,542 ஓட்டில் அவர் ஜெயித்தார். காங்கிரசுக்கு ஆளும் போயிற்று, தொகுதியும் போயிற்று.

இதில் வியாபாரிகள் உற்றுப் பார்க்க வேண்டியது தேதியை. ஓட்டுப் பதிவு ஏப்ரல் 10. ஆனால் கேரளத்தின் பகுதியில் சுமார் 3,100 சதுர கிலோமீட்டரைக் கழித்து மத்திய அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டது மார்ச் 10ந் தேதி, அதாவது ஓட்டுப் பதிவுக்கு ஒரு மாதம் முன்பே. மலைக்காரர்கள் கேட்டதில் பெரும் பகுதி பெட்டியில் ஓட்டு விழுவதற்கு முன் கிடைத்துவிட்டது. கட்சி யாரை நிறுத்தலாம் என்று யோசிக்கும் நாட்களில்தான் அது ஊர்ப் பேச்சைக் காதில் வாங்குகிறது. டிக்கெட் அறிவித்து, போஸ்டர் ஒட்டிய பிறகு நாம் சங்கத்தில் கூடி வருத்தப்பட்டு ஒன்றும் ஆவதில்லை.

சுயேச்சைக்குக் கொறடா கிடையாது என்பது உண்மை. ஆனால் லோக்சபாவில் 543 பேரில் அவர் ஒருவர். ஜெயித்த பின் ஏதாவது கட்சியில் சேர்ந்தாலும் பத்தாவது அட்டவணைப்படி பதவி போய்விடும். தைரியமாகப் பேசலாம், கேள்வி கேட்கலாம்; எண்ணிக்கை வேண்டுமென்றால் இன்னொருவர் வாசலுக்குத்தான் போக வேண்டும். 2019ல் ஜோய்ஸ் ஜார்ஜ் 1,71,053 ஓட்டில் தோற்றார்.

பி.டி. தாமஸ் 2016லும் 2021லும் திருக்காக்கரையில் எம்.எல்.ஏ. ஆனார். 2018 ஆகஸ்டில் மழையில் இடுக்கியில் மலை சரிந்து ரோடும் வீடும் போனபோது அவர் பெயரைப் பலரும் நினைத்தார்கள். 2021 டிசம்பரில் இறந்தார். அவர் சாம்பல் இடுக்கி உப்புதோட்டில் தாயாரின் கல்லறையில் வைக்கப்பட்டது. கொள்கை உள்ள ஆள் வேண்டும் என்று நாம் சொல்லும்போது, நம் கொள்கையையே பேசும் ஆள் என்றுதான் மனதில் நினைக்கிறோம். உண்மையான கொள்கைக்காரர் நம் கல்லாவுக்கு எதிராகவும் பேசுவார். அப்படிப்பட்டவர் நமக்கு வேண்டுமா என்பதை முதலில் நாம் நமக்குள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடும்போது கட்சியை முதலில் பாருங்கள், ஆளைப் பிறகு பாருங்கள். வரி, அன்னிய முதலீடு, உணவுப் பாதுகாப்புச் சட்டம் போன்ற பெரிய விஷயங்களில் கை தூக்கப் போவது கட்சிதான். ஜி.எஸ்.டி. விகிதத்தை எடுத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அதை மத்திய, மாநில மந்திரிகள் உட்காரும் ஜி.எஸ்.டி. கவுன்சில்தான் பேசி முடிக்கிறது. நம்பிக்கை இல்லாத கட்சி நல்ல ஆளை நிறுத்தினால், நல்ல பாக்கெட்டில் பழைய சரக்கா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. இரண்டு கட்சிகளும் ஒரே தரம் என்று தோன்றினால் ஆளைப் பார்த்துப் போடலாம். அப்போது ஆள் குணம் உதவும், சபைக்கு வெளியே. கலெக்டரைப் பார்ப்பது, ரயில்வே அதிகாரியை விடாமல் கேட்பது எல்லாம் ஆளைப் பொறுத்தவை. போடி ரயில் பாதை அகலமாக்குவதற்காக 2010 கடைசியில் மூடப்பட்டு, மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15ல். இடையில் இரண்டு கட்சிகளைச் சேர்ந்த மூன்று எம்.பி.க்கள். அத்தனை வருடமும் நம் சரக்கு லாரியில்தான் போயிற்று.

உள்ளாட்சி என்றால் கணக்கு தலைகீழ். பத்தாவது அட்டவணை கவுன்சிலருக்குப் பொருந்தாது. (கேரளம் 1999ல் உள்ளாட்சிக்கும் தனிச் சட்டம் போட்டிருக்கிறது.) நம் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. மார்க்கெட் கடை வாடகை, குப்பை, சாக்கடை, தொழில் உரிமம் என்று நம்மைத் தினமும் தொடும் காரியங்கள் அங்கேதான் முடிவாகின்றன. அங்கே ஆளைப் பார்த்தே போடலாம். நம் ஜனங்கள் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு ஆளையும், வார்டுத் தேர்தலுக்குக் கட்சியையும் பார்ப்பதுதான் வேடிக்கை.

அடுத்த தடவை வேட்பாளர் கடைக்கு வந்தால் டீ கொடுத்து ஒன்று கேளுங்கள்: “உங்கள் கட்சி எங்களுக்குப் பாதகமாக ஒரு மசோதா கொண்டுவந்தால், சபைக்குப் போகும் முன் கட்சிக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசுவீர்களா? பேசியதை வெளியே வந்து சொல்வீர்களா?” மேலிடம் முடிவு செய்யும் என்று அவர் சொன்னால் அவரைக் கோபிக்க வேண்டாம், உண்மையைச் சொல்கிறார். வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26ல் அவருடைய சொத்து, கடன், வழக்கு எல்லாம் இருக்கும். தேர்தல் கமிஷன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். நம்மிடம் கடன் கேட்கிறவரைப் பற்றி நான்கு பேரிடம் விசாரிக்கிறோம், இதைப் படிப்பதில்லை. கட்சி நிதி என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்தால், வருமான வரிச் சட்டப்படி 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கட்சி வாங்கினால் வரிச் சலுகையை இழக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஓட்டு ரகசியம் என்றாலும் எண்ணுவது வாக்குச் சாவடி வாரியாக. படிவம் 20ல் ஒவ்வொரு சாவடியின் கணக்கும் வெளியாகிறது. கடைவீதிச் சாவடியில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பது ஜெயித்தவருக்கும் தெரியும், தோற்றவருக்கும் தெரியும். ஆகையால் சங்கத்தின் பெயரால் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு அறிக்கை கொடுப்பதில்லை என்ற பழக்கத்தை விடாமல் இருப்பது நல்லது. கோரிக்கைகளை எழுதி, எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே நகலாக, டிக்கெட் அறிவிக்கும் முன் கொடுத்துவிட வேண்டும்.