பரம்பரையாக வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: சாவியைத் திருப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

தாத்தா ஓட்டிய கார். இருபது, முப்பது வருஷமாக ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. டயர் தரையோடு தரையாகிவிட்டது, சீட்டுக்குள் எலி குடியிருக்கிறது. காயலான் கடையில் போட மனசு வரவில்லை. ஓட வைக்கவும் வழி தெரியவில்லை. இப்படி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்தால் முதலில் என்ன செய்வது?

பெரும்பாலானோர் முதலில் செய்வது புது பேட்டரி வாங்கி மாட்டுவதுதான். பெரும்பாலான சேதமும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லையும் கடல் காற்றும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால், புதுச்சேரி எல்லை தொடங்கும் இடம் கனகசெட்டிக்குளம். ஒரு பக்கம் தமிழ்நாடு, மறுபக்கம் புதுச்சேரி. கடல் கூப்பிடு தூரத்தில். இந்த ஊரில் ஒரு பழைய காரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று உப்புக் காற்று, அது இரும்பைத் தின்கிறது. இன்னொன்று மாநில எல்லை, அது காகிதங்களைச் சிக்கலாக்குகிறது. ஒரு காரை மீட்பது என்றால் இந்த இரண்டிலிருந்தும் மீட்பது. இன்ஜின் வேலை அதற்குப் பிறகுதான்.

தூசியோடு விற்ற 16 மில்லியன் யூரோ கார்

பிரான்ஸின் மேற்குப் பகுதியில் ரோஜர் பையோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் 1950-களில் பழைய கார்களைச் சேர்க்கத் தொடங்கினார். அருங்காட்சியகம் வைப்பது அவர் கனவு. 1970-களில் தொழில் நொடித்ததும் பல கார்களை விற்றுவிட்டார். மீதி அப்படியே கொட்டகைகளில் கிடந்தன. அவரும் அவர் மகனும் இறந்த பிறகு, பேரப்பிள்ளைகள் 2014-ல் ஏல நிறுவனத்தை அழைத்தார்கள்.

வந்தவர்கள் பார்த்தது, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர். ஒரு காலத்தில் நடிகர் அலென் டெலோன் ஓட்டிய கார். 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில் அது சுமார் 1.63 கோடி யூரோவுக்குப் போனது. பாலிஷ் போடவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. தூசியைக்கூடத் துடைக்காமல்தான் ஏலத்துக்கு வந்தது.

நம் வீட்டு ஷெட்டில் ஃபெராரி இருக்கப் போவதில்லை. ஆனால் இதில் உள்ள பாடம் எல்லா காருக்கும் பொருந்தும். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை ஒரு தடவைதான் கிடைக்கும். அவசரப்பட்டு அதை அழித்துவிட்டால், எவ்வளவு செலவு செய்தாலும் திரும்ப வராது.

சென்னைக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன உறவு?

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் இந்தியாவில் ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம். ஆனால் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் நெருங்கிய சொந்தம் சென்னை வண்டலூர் பக்கத்திலேயே தயாரானது. அதுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

பிரிட்டனில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அந்த காரின் சேஸிஸைச் சற்றுக் குறுக்கி, 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-லிருந்து 1971 வரை 948 சிசி இன்ஜினோடு ஹெரால்டைத் தயாரித்தது. நான்கு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே வந்தது.

மீட்பு வேலையில் இந்த உறவு கைகொடுக்கும். ஹெரால்ட், ஸ்பிட்ஃபயர் இரண்டுக்குமான உதிரிபாகங்கள் இன்றும் பிரிட்டனில் கிடைக்கின்றன. ஆனால் இந்தியாவில் மட்டும் வந்த பின்கதவு போன்ற பாகங்களுக்கு இங்கேதான் தேட வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் அலைய வேண்டும், அல்லது நல்ல டிங்கரைப் பிடித்து அடித்து எடுக்க வேண்டும்.

‘ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமே’

வேண்டாம். பல வருஷம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, முழு இன்ஜினையும் இறக்கும் வேலையாக மாறும்.

சரியான வழி மெதுவானது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாள் ஊற விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டு கையால் சுற்ற வேண்டும். சுலபமாகச் சுற்றினால் நல்லது. சுற்றவில்லை என்றால் மறுபடி ஊற வைக்க வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது.

அதோடு இவற்றையும் பார்க்க வேண்டும்:

பெட்ரோல்: டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் பிசினாக மாறி கார்புரேட்டரை அடைத்திருக்கும். முழுவதும் வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவது கட்டாயம்.

பிரேக்: பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே துருப்பிடித்து வீல் சிலிண்டர்கள் இறுகிப்போயிருக்கும். கார் நகரும் முன் பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். ஓடும் காரை நிறுத்த முடியாவிட்டால் எதற்கு அது?

மின்சாரம்: பல பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை மாட்டினால் சேதம் நிச்சயம். முதலில் எந்த முனை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். எலி கடித்த வயர்களுக்குக் கரண்ட் கொடுத்தால் தீப்பிடிக்கலாம்.

டயர்: பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும், பல வருஷம் நின்ற ரப்பரை நம்பி ஓட்டக் கூடாது.

துருவை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடலோரத்தில் உப்புத் துகள்கள் இரும்பின் மேல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. அதனால் மழை படாத ஷெட்டுக்குள்ளும் துரு ஏறும். தார்ப்பாயை இறுக்கி மூடினால் ஈரம் வெளியேற வழியின்றி நிலைமை இன்னும் மோசமாகும். காற்றோட்டம்தான் மருந்து.

ஒரு சின்ன காந்தம் போதும். பாடி முழுக்க ஒட்டிப் பார்க்கலாம். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கீழே படுத்து, சேஸிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். ‘டொக்’ என்றால் நல்ல இரும்பு. உள்ளே இறங்கினால் அது வெறும் துருத் தோல்.

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது பணத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக வெளியே வரும். கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் காரில் இன்னொரு எச்சரிக்கை: கீழ்த் தகட்டை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பாடி நடுவில் தொய்ந்து, கதவு ஜென்மத்துக்கும் மூடாது.

காகிதம்: ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது?

உரிமையாளர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மத்திய மோட்டார் வாகன விதி 56 சொல்கிறது. 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31-ல், இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் பொதுவாகக் கேட்கப்படும். ‘கார் எனக்குத்தான்னு தாத்தா சொன்னாரு’ என்பது அங்கே செல்லாது. பணத்தைக் கொட்டி காரைப் புதுசாக்கிய பிறகு பங்காளி உரிமை கேட்டு வந்தால் எல்லாம் வீண். ஆகவே முதல் ரூபாயைச் செலவழிக்கும் முன் வீட்டுக்குள் பேசி, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கனகசெட்டிக்குளம் போன்ற எல்லை ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட காரைப் புதுச்சேரியில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47-ன்படி புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து தடையில்லாச் சான்று தேவை. வரி பாக்கி இருந்தால் அதைக் கட்டிய பிறகே சான்று கிடைக்கும்.

‘வின்டேஜ்’ பதிவு யாருக்குக் கிடைக்கும்?

2021 ஜூலையில் மத்திய அரசு இதற்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேலான, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புது எண்ணில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. இரண்டாவது, வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ‘பழைய இன்ஜின் வேஸ்ட் சார், மாருதி இன்ஜின் வெச்சுடலாம், ஏ.சி.யும் போட்டுக்கலாம்’ என்று மெக்கானிக் சொல்வார். வண்டி ஓடும். ஆனால் வின்டேஜ் தகுதி போய்விடும். இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் பெயர் மாற்றமும் சிக்கலாகும். கழற்றிய அசல் இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் திரும்பும் வழியும் அடைபடும்.

1970-ல் பதிவான காருக்கு 50 ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டது. 1985-ல் பதிவான கார் 2035 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சாதாரண முறையில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டியதுதான்.

எது வரை புதுப்பிக்கலாம்?

1966-ல் தொடங்கிய ஃபீவா என்ற சர்வதேசப் பழைய வாகனக் கூட்டமைப்பின் நிலைப்பாடு எளிமையானது: முடிந்தவரை பாதுகாக்க வேண்டும், முடியாத இடத்தில் மட்டும் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பிரேக், டயர், வயரிங்கில் சமரசம் கூடாது. கிழியாத பழைய சீட், மங்கிய ஆனால் நல்ல பெயிண்ட், கீறல் விழுந்த ஸ்டீயரிங் ஆகியவற்றை மாற்ற அவசரம் இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். பாதியில் நிற்கும் பல மீட்பு வேலைகள் பணம் தீர்ந்து நிற்பவை மட்டுமல்ல. எது எங்கே மாட்ட வேண்டும் என்று மறந்து நின்றவையும் உண்டு. அழகாக முடிந்த கார்கள் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க, கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியமும், சென்னை வடபழனியில் ஏவி.எம். ஹெரிட்டேஜ் மியூசியமும் இருக்கின்றன.

ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். சாதாரணக் குடும்பக் காரை முழுதாகப் புதுப்பிக்க ஆகும் செலவு, பெரும்பாலும் விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டிவிடும். லாபத்துக்காக இறங்கினால் ஏமாற்றம்தான். பணம் இப்போது இல்லை என்றாலும் பரவாயில்லை. டேங்கை வடித்து, காரைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, ஆர்.சி.யைப் பெயர் மாற்றி வைத்தால் போதும். இன்னும் பத்து வருஷம் அந்த கார் காத்திருக்கும். தவறாக வெட்டிய கார் காத்திருக்காது.