பாப்ரிகா தூவும் நேரம்

ஹங்கேரியில் மாட்டிறைச்சிக் குழம்பை ‘பொர்கொல்ட்’ என்பார்கள். அதன் உயிர்நாடி பாப்ரிகா மிளகாய்த்தூள். நிறம் செக்கச்செவேல், காரம் பெரும்பாலும் பேருக்குத்தான்.

ஒரு கிலோ இறைச்சிக்கு அரைக் கிலோ வெங்காயம் தாராளமாகப் போடலாம். பொடியாக நறுக்கி, பன்றிக் கொழுப்பில் நிதானமாக வதக்க வேண்டும். வெங்காயம் பொன்னிறமானதும், சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டே பாப்ரிகாவைத் தூவ வேண்டும். அதில் இனிப்புச் சத்து உண்டு. கொழுப்பு கொதிக்கும்போது போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். அப்புறம் என்ன சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது!

உடனே இறைச்சியைப் போட்டுப் புரட்டி, உப்பும் சீமைச் சோம்பும் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு மூடி வைக்கலாம். கால் சதை என்றால் சிறுதீயில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். கெட்டியாக்க மாவு வேண்டாம். வெங்காயம் கரைந்தே குழம்பு திரண்டுவிடும். தொட்டுக்கொள்ள ‘நொகெட்லி’ என்னும் கோதுமை மாவு உருண்டைகள்.

பாப்ரிகாவுக்குப் பேர்போன ஊர் செகெட். அங்கே ஆய்வு செய்த ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி, வைட்டமின் சி-யைப் பாப்ரிகா மிளகாயிலிருந்து நிறையப் பிரித்தெடுத்தார். 1937-இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்குத்தான்.