விண்மீன் மங்கிய நொடி

1977 மார்ச் 10. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி, யுரேனஸ் மறைக்கவிருந்த ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோள் நெருங்குவதற்கு வெகு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கித் திரும்பியது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய நிலவு என்று கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அன்றே இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகத்திலும் இப்படிப்பட்ட மங்கல்கள், கோளின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே தொலைவில் பதிவாகியிருந்தன. நிலவு இரண்டு பக்கமும் மறைக்காது, மறைத்தவை வளையங்கள். காவலூர்ப் பதிவை மீண்டும் அலசிய பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அந்த ஆண்டுக்குள்ளேயே வளையங்களைப் பற்றி எழுதினார்கள்.

விளக்கம் மாறியது, பதிவு மாறவில்லை. ஒளியின் அளவோடு நேரமும் துல்லியமாகப் பதிவாகியிருந்ததால்தான் அதனிடம் புதிய கேள்வியைக் கேட்க முடிந்தது. இணையதளமும் தரவுத்தளமும் கற்றுத்தரும் பட்டறைக்குக் கணினியைத் தயார் செய்யும் எவரும் இதை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

நிறுவ வேண்டியவை அதிகமில்லை: உலாவி, பக்கங்களை அனுப்பும் சர்வர், தகவலைக் காக்கும் தரவுத்தளம். சர்வர் என்றதும் எங்கோ குளிரூட்டிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். 127.0.0.1 என்பது கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. உலாவி கேட்கும்; அதே மடிக்கணினியில் ஓடும் சர்வர் தரவுத்தளத்தைத் திறந்து பதில் கொடுக்கும். மென்பொருள்களை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்துவந்துவிட்டால், இணையம் எட்டாத மலைக் கிராமத்திலும் பட்டறை நடக்கும்.

கவனம் வேண்டியது நேரத்தில்தான். கணினியின் கடிகாரத்தை முதலில் சரிபார்த்து, தரவுத்தளத்தில் உலகப் பொதுநேரத்தையே சேமிக்க வேண்டும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. நாள்காட்டித் தேதியை மட்டும் நம்பினால் ஒரே இரவின் கண்காணிப்பு நள்ளிரவில் இரண்டு தேதிகளாகப் பிளந்துவிடும். வானியலாளர்கள் ஜூலியன் நாள் என்ற தொடர் எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அது மாறுவது உலகப் பொதுநேரப்படி நண்பகலில், அதாவது நமக்கு மாலை 5.30 மணிக்கு. பொழுது சாயும் வேளையில் எண் மாறிவிடுவதால் காவலூரின் ஓர் இரவு முழுவதும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. எனக்குச் சலிக்காத பொருத்தம் இது.

நேர வரிசைக்கு ஓர் இன்டெக்ஸ் அமைத்தால் தேடலும் எளிது. வரிசைப்படுத்திய நூறு கோடிப் பதிவுகளில் ஒன்றைப் பிடிக்க, பாதி பாதியாக விலக்கினால் 30 படிகள் போதும்.

பட்டறைக்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. மலைக்கு ஓர் அட்டவணை, விமானத்துக்கு ஓர் அட்டவணை என்று அமைத்து, இரண்டையும் நேரத்தை வைத்து இணைக்கச் சொல்லலாம். ஒரே நொடியைத் தேடுபவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வளையத்தின் நிழல் ஒவ்வோர் இடத்தையும் வெவ்வேறு நொடியில்தான் கடக்கும். அட்சரேகை, தீர்க்கரேகைக்கும் அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அப்போது புரியும்.