மனம் உடைந்தவருக்கு முதலுதவி: வணிகர்களும் கற்கலாம்



கடை வாசலில் ஒருவர் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம், கூட்டத்தை விலக்குகிறோம், 108-ஐ அழைக்கிறோம். அதற்கு நாம் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. "இனி இருந்து என்ன பயன்?" என்று ஒருவர் கலங்கி நின்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறோம். அதற்கும் முதலுதவி உண்டு. சாதாரண மனிதரும் அதைக் கற்கலாம்.

ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டில் பெட்டி கிச்சனர் என்ற செவிலியரும் அவர் கணவர் பேராசிரியர் அந்தோணி ஜோர்மும் இதற்கென ஒரு பயிற்சியைத் தொடங்கினர். அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. சென்னையில் அதற்கு முன்பே, 1986இல், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வைத் தொடங்கினார். அங்கே ஆறுதலாகப் பேசுவோர் பயிற்சி பெற்ற தொண்டர்களே.

வணிகருக்கு இது எதற்கு? தெருவில் எல்லா வீட்டாரையும் தினமும் பார்ப்பவர் மளிகைக் கடைக்காரர். யாருக்குப் பற்று ஏறுகிறது, யார் முகம் வாடியிருக்கிறது என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். மொத்த வியாபாரிக்கோ சில்லறைக் கடைக்காரரின் நிலைமை தெரியும். எங்களிடம் சரக்கு எடுத்த ஒருவரின் கடை இரண்டு நாளாகப் பூட்டிக் கிடப்பதாகவும், அவர் போனை எடுக்கவில்லை என்றும் வசூலுக்குப் போன பையன் வந்து சொன்னான். பாக்கிச் சீட்டை வைத்துவிட்டு நேரில் போனோம். ஒரு மணி நேரம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். பிறகு அவர் தம்பியை வரவழைத்து, மறுநாள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இன்று அவர் கடை நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை:

1. தனியே அழைத்து உட்கார வையுங்கள். நாலு பேர் முன்னிலையில் விசாரிக்க வேண்டாம்.

2. நேராகவே கேளுங்கள்: "அண்ணாச்சி, உயிரை விட்டுடலாம்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது தவறு. கேட்பது பாரத்தைக் குறைக்கும்.

3. குறுக்கிடாமல் கேளுங்கள். "இதுக்கெல்லாமா கலங்குவாங்க?" என்று புத்தி சொல்லாதீர்கள்.

4. ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாதீர்கள். வீட்டாருக்குச் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

5. 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவையில் இரவு பகலாக, தமிழிலும் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்தென்றால் 108.

போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து பலர் மூடி மறைக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. முயற்சிக்குத் தண்டனை விதித்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. எனவே தயங்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம்.

நம் கடைச் சரக்கிலும் கவனம் வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்டைத் தமிழக அரசு தடை செய்துள்ளது. அதை விற்கக் கூடாது. மற்ற பூச்சி மருந்துகளைக் கைக்கெட்டும்படி தொங்கவிடாமல் உள்ளே வையுங்கள். கலங்கிய முகத்தோடு வந்து கேட்பவரிடம் எடுத்துக் கொடுக்காமல், "என்ன விஷயம், உட்காருங்க" என்று சொல்லுங்கள். ஒரு பொருளின் லாபம் போனால் போகட்டும்.

இன்னொன்று. பாக்கி கேட்பது நம் உரிமை. கடைத்தெருவில் நிறுத்தி அவமானப்படுத்துவது உரிமையாகாது. வசூலுக்குச் செல்லும் பையன்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

நமது சங்கம் ஒரு விடுமுறை நாளில் மனநல மருத்துவரை வரவழைத்து, உறுப்பினர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் அரைநாள் பயிற்சி நடத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். கணக்கை நாளைக்கும் நேர் செய்துகொள்ளலாம். ஆள் இருந்தால்தான் கணக்கு.