வெள்ளிக் களிமண்

ஜப்பான் தேசத்து மிட்ஸுபிஷி நிறுவனத்தார் 1990-களின் தொடக்கத்தில் ஆபரணக் கலைஞர்களின் கையில் கொடுத்த வெள்ளிக் களிமண்ணில் மண் என்பது அணுவளவும் கிடையாது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வெள்ளித் துகள்களை, தீயில் எரிந்து மறையும் ஒருவகைப் பசையோடும் தண்ணீரோடும் சேர்த்துப் பிசைந்த பிண்டமே அது. விரல்களில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு அதை உருட்டித் தகடாக்கி, ஓர் இலையை அதன்மீது அழுத்தி எடுத்தால், நரம்புகள் அத்தனையும் பதிந்துவிடும். உலர்ந்தபின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்கலாம். கீறல் விட்டிருந்தால் அதே களிமண்ணை நீரில் குழைத்துப் பூசி அடைக்கலாம். இந்த நிலையில் பொறுமையோடு செய்யும் சீர்திருத்தமே நகையின் அழகை நிர்ணயிக்கிறது. சுட்டு உலோகமான பிறகு அரத்தை எடுப்பவர் பன்மடங்கு சிரமப்பட வேண்டியிருக்கும்.

சூளையில் நிகழ்வதுதான் இதில் உண்மையான ஆச்சரியம். வெள்ளி உருகுவதற்குச் சுமார் 962 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் வேண்டும். முதலில் வெளிவந்த களிமண்ணையோ 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். அந்த உஷ்ணத்தில் பசை எரிந்து போக, துகள்கள் உருகாமலேயே ஒன்றையொன்று தொடும் இடங்களில் இணைந்து, இடைவெளிகள் குறுகி, முழுதும் ஏகமான சுத்த வெள்ளியாகிவிடுகின்றன. இடைவெளி குறுகுவதால் உருவமும் சிறுத்துப்போகிறது: முதல் ரகம் ஏறக்குறைய முப்பது சதவீதம் சுருங்கியது, பின்னர் வந்த ரகங்கள் பத்துச் சதவீதம் அளவில் நின்றன. ஆகையால் மோதிரம் செய்பவர் விரலின் அளவை மறந்து, சுருங்கப்போகும் அளவை மனத்தில் கொண்டே வளையத்தைப் பெரிதாக வனைய வேண்டும். இந்த முன்யோசனையே இக்கலையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

சூளையிலிருந்து வரும் நகை வெண்மையாக, ஒளியற்றுத் தோன்றும். மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதே அதற்குக் காரணமாதலால், சோப்பு நீரில் நனைத்த பித்தளைத் தூரிகையால் தேய்த்தவுடன் வெள்ளியின் பிரகாசம் வெளிப்படுகிறது.

செம்பு கலவாத வெள்ளி இயல்பாகவே மிருதுவானது. சுட்ட பிறகும் நுண்துளைகள் சில எஞ்சுவதால், அடித்து நீட்டிய தகட்டின் உறுதி இதற்கு வாய்ப்பதில்லை. பதக்கத்துக்கும் தொங்கட்டானுக்கும் இது உத்தமமானது. கல்லைப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகளுக்குக் கம்பியையே நாட வேண்டும். செயற்கை ஜிர்கோனியாக் கல்லை ஈரக் களிமண்ணிலேயே பதித்துச் சுட்டால், சுருங்கும் வெள்ளி அதை இறுகப் பற்றிக்கொள்ளும். முத்து அந்த வெப்பத்தைத் தாங்காது. அதற்கு இருக்கையை மட்டும் அமைத்துச் சுட்டு, ஆறிய பின்பே பதிக்க வேண்டும்.