ஜாய்ஸ்டிக் வாங்குகிறீர்களா? முதல் நாளே சோதியுங்கள்

கணினித் திரையில் விமானம் நேராகப் போக வேண்டும். அது மெல்ல இடப்பக்கம் சாய்கிறது. நிறுத்தி வைத்த விண்கலம் தானாகச் சுழல்கிறது. புதிதாக ஜாய்ஸ்டிக் வாங்கியவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. கருவி பழுதா, அமைப்பில் பிசகா என்று தெரியாமல் நாள்களைக் கடத்துவதற்குள், பொருளைத் திருப்பித் தருவதற்கான கெடு முடிந்துவிடுகிறது. கொடுத்த பணத்துக்குக் கேட்க நாதியில்லை என்று நினைத்துக் கருவியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

கேட்க உரிமை உண்டு. அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால், பழுது என்று காட்ட ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைப் பெட்டியைப் பிரிக்கும் நாளிலேயே எளிதாகத் திரட்டலாம்.

வாங்கும் முன்

எந்த விளையாட்டுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்றவற்றில் பயணிகள் விமானம் ஓட்ட நான்கு அசைவுகள் அடிப்படை: மூக்கை ஏற்றி இறக்குவது, இறக்கையைச் சாய்ப்பது, வாலைத் திருப்புவது, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. முறுக்கினால் திரும்பும் பிடியும் எஞ்சின் வேகத்துக்கான சிறு த்ராட்டிலும் உள்ள ஒற்றை ஜாய்ஸ்டிக் இதற்குப் போதும். த்ராட்டில் தனியாக வரும் ஹோட்டாஸ் செட்டை இதில் பழகிய பிறகு வாங்கலாம்.

எலீட் டேஞ்சரஸ், ஸ்டார் சிட்டிசன் போன்ற விண்வெளி விளையாட்டுகளின் கதை வேறு. அங்கே கலம் பக்கவாட்டிலும் மேலும் கீழும் பின்னாலும் நகரும். அதனால்தான் இரு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக் வைத்து ஆடுவோர் உண்டு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பிடியின் வடிவத்தைக் கட்டாயம் பாருங்கள். பல பிடிகள் வலக்கைக்கு மட்டுமே வார்க்கப்பட்டவை. இரு கைக்கும் பொருந்தும்படி வந்த த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் போன்றவை சிலவே.

விற்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி சென்சார் பற்றியது. மலிவான கருவிகளில் பெரும்பாலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கரித்தடத்தின் மேல் ஒரு முனை உரசி நகரும். தூசி சேரச் சேர, தடம் தேயத் தேய, அசைவில் நடுக்கம் வரும். ஹால் சென்சார் காந்தத்தின் அசைவை அறிவது. உரசல் இல்லாததால் தேய்மானம் குறைவு. ஆனால் "ஹால் சென்சார் உள்ளது" என்ற விளம்பரம் பிரதான தண்டுக்கு மட்டும் பொருந்தி, முறுக்குப் பிடிக்கும் த்ராட்டிலுக்கும் பழைய வகையே இருக்கலாம். எந்தெந்த அசைவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.

ஒரே மாதிரித் தோற்றமுள்ள கருவிகள் எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்றும் பிளேஸ்டேஷனுக்கு ஒன்றுமாக வருகின்றன. கணினியில் வேலை செய்யும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், தயாரான நாடு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்வதற்கான தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் இது பொருந்தும். இறக்குமதியாளர் பெயரே இல்லாத பெட்டியை வாங்கினால், நாளை வாரன்ட்டி கேட்டு எங்கே போவது? பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

முதல் நாள் சோதனை

பெட்டியின் முத்திரை தெரியும்படி வைத்து, பிரிப்பதை முழுவதும் வெட்டாமல் வீடியோ எடுங்கள். கருவியைக் கணினியின் யூஎஸ்பி துளையிலேயே நேரடியாகச் செருகுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் செருகினால், விளக்குகள் நிறைந்த பெரிய கருவிக்கு மின்சாரம் போதாமல் அது அடிக்கடி துண்டிக்கப்படலாம்.

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் சோதனைப் பக்கம் கிடைக்கும். அங்கே நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். தண்டை விட்டதும் குறி நடுவுக்குத் திரும்புகிறதா? நான்கு ஓரங்களையும் தொடுகிறதா? கையை எடுத்த பிறகும் குறி நடுங்குகிறதா? ஒவ்வொரு பட்டனும் ஒரு அழுத்தத்துக்கு ஒரு முறை மட்டும் ஒளிர்கிறதா? இதையும் வீடியோவாக்குங்கள்.

பழுதா, பிசகா?

குறி நடுவிலிருந்து கொஞ்சம் விலகி நின்றால் பதற வேண்டாம். அதே சாளரத்தில் கேலிப்ரேஷன் (நடுவையும் ஓரங்களையும் மீண்டும் அளவிடுதல்) செய்து, விளையாட்டில் சிறிது டெட்ஸோன் வைத்தால் சரியாகிவிடும். டெட்ஸோன் என்பது நடுவில் அசைவைக் கணக்கில் எடுக்காத சிறு பகுதி. அதைப் பெரிதாக வைத்தால் நுட்பமான திருப்பங்கள் போய்விடும்.

சோதனைப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் விளையாட்டில் விமானம் தானாகச் சாய்ந்தால், வேறு ஏதோ கருவியும் அதே அசைவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். கேம்பேடைக் கழற்றிப் பாருங்கள். தேவையற்ற ஒதுக்கீடுகளை நீக்குங்கள். கணினிக்கும் கன்சோலுக்கும் மாற்றும் சுவிட்ச் கருவியில் இருந்தால், அது சரியான பக்கம் உள்ளதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் குறி துள்ளினாலோ, ஓரத்தைத் தொடாவிட்டாலோ, பட்டன் இரட்டையாகப் பதிவானாலோ, இணைப்பு அறுபட்டாலோ அது கருவியின் பழுதுதான். வேறொரு கணினியிலும் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால், திருகைக் கழற்றி உள்ளே பார்க்காதீர்கள். வாரன்ட்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். டிரைவரையும் ஃபர்ம்வேரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முன்னால் வந்து நிற்கும் பெயர் தெரியாத 'டிரைவர்' தளங்கள் வழியாகக் கெடுநிரல் நுழையலாம்.

சட்டம் தரும் பிடிமானம்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் குறித்த கெடுவுக்குள் அதைச் செய்ய வேண்டும். கெடு குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று கடையில் எழுதி வைத்திருப்பது பழுதான பொருளுக்குச் செல்லாது.

இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020-இன் மின்வணிக விதிகள் துணை நிற்கும். பழுதான பொருளையும் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. ஹால் சென்சார் என்று சொல்லி வேறொன்றை அனுப்பியவரிடம் நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட் பேசும். தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

தனிநபரிடம் பழைய கருவி வாங்கும்போது இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. நேரில் போய், மடிக்கணினியில் சோதித்த பிறகே பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிப்பவர்கள் சுங்கத் தீர்வையையும் திருப்பி அனுப்பும் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். அந்த வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமா என்றும் கேளுங்கள்.

எங்கே முறையிடுவது?

முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சு பதிவாகாது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருள் எங்கிருந்து வந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். போலித் தளத்தில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

விளையாட்டுப் பொருள்தானே என்று விட்டுவிடாதீர்கள். உழைத்த பணத்தில் வாங்கிய எந்தப் பொருளுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு ஒன்றுதான். பில், பிரிக்கும்போது எடுத்த வீடியோ, சோதனைப் பக்கத்தின் வீடியோ, எழுத்துப் புகார் ஆகிய நான்கும் கையில் இருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் உங்கள் குரலுக்கு வலு கூடும்.